தாகம் பழக்குதல்

ஜனக்புரி, டெல்லி
9 ஏப்ரல் 2025

மதினிக்கு அம்சவேணி எழுதுகிறேன்.

என் குரலை இனிமேல் கேட்க மாட்டேன் என்று நிஜாமுதீன் ஸ்டேஷனில் வைத்துச் சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சந்துதான் எனக்கு இருக்கிறது. அதில் நுழைகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நானும் ஷ்ரேயாவும் இருக்கிறோம். அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். செடி நர்சரியை நான் மூடவில்லை. ஆனால் அது இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எங்கள் வரிசையில் நர்சரி வைத்திருக்கிறவர்களுக்கு எங்கள் சங்கத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். டெல்லியில் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது, இனிமேல் வறண்ட ஊருக்கு ஏற்ற மாதிரி செடி வளர்க்கவும் தோட்டம் போடவும் படித்தவர்களுக்குத்தான் இடம் என்கிறார்கள். கோடை முழுக்க வகுப்பு, கடைசியில் பரீட்சை. தேறாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உங்கள் தம்பி போன பிறகு, அவர் பெயரில் இருந்த இடம் என் பெயருக்கு மாற வேண்டுமானாலும் அந்தச் சான்றிதழ் வேண்டும். நர்சரியும் அதன் பின்னால் இருக்கும் இந்தத் தகர அறையும் போனால் எனக்கும் ஷ்ரேயாவுக்கும் இந்த ஊரில் வேறு பிடி இல்லை. இந்த வயதில் பென்ச்சில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.

இதைச் சொல்வதற்காக எழுதவில்லை. எதற்கு என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அதனால் சுற்றி வளைத்தேன்.

அவர் வருகிறார், மதினி.

அவர் மண்தொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவார், உங்களுக்குத் தெரியும். இங்கே குர்பி என்று சொல்லும் களைக்கொத்தியின் மரப்பிடியால் தட்டுவார். காய்ந்த தொட்டி டங் என்று சொல்லும். ஈரத் தொட்டி டொத் என்று சொல்லும். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். "காது இருக்கு, உள்ள என்னத்த வச்சிருக்க?" என்று சிரிப்பார்.

பங்குனி பிறந்ததிலிருந்து விடியற்காலையில், முழிப்பும் தூக்கமுமாக நான் கிடக்கும் நேரத்தில், அந்தச் சத்தம் கேட்கிறது. டங். டங். கொஞ்சம் நிறுத்தம். டொத். அவர் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நகர்கிற அதே நிதானம். எழுந்து வெளியே வந்தால் யாரும் இல்லை. கடைசி வரிசையில் இருக்கும் தொட்டிகள் மட்டும் நனைந்திருக்கின்றன.

எனக்குப் பயமாக இல்லை. இதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் டாக்டரிடம் போ என்பார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் என்னைத் தவிர நீங்கள் ஒருவர்தான்.

அம்சவேணி


அருப்புக்கோட்டை
21 ஏப்ரல் 2025

அம்சவேணிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

வருகிறான் என்று எழுதியிருக்கிறாய். வராமல் என்ன செய்வான். தாகத்தோடு போனவன் தண்ணீர் இருக்கிற இடம் தேடித்தான் வருவான். இதற்கு ஜோசியக்காரன் வேண்டாம்.

நான் ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து சேர்ந்தபோது உடம்பு இல்லை. சாம்பல் இருந்த ஒரு மண்சட்டியைக் காட்டினீர்கள். வெயிலுக்குத் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் அவசரப்படுத்தினார்கள் என்றாய். ஐஸ் பெட்டி கிடைக்காத ஊரா டெல்லி? கூடப் பிறந்தவள் அவன் வாயில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றியிருப்பேன். அப்பா அம்மாவுக்கு நான்தான் ஊற்றினேன். இவனுக்கு ஊற்ற வேண்டியது என் கையிலேயே நின்றுபோனது. சத்துணவுக் கூடத்தில் சாம்பாருக்குக் கரண்டி எடுக்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வரும்.

அதைக்கூட விட்டுவிட்டேன் என்று வை. அவன் வண்டியில் கட்டியிருந்த வெள்ளைக் கேனை விட முடியவில்லை. நானே அவிழ்த்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. "தண்ணி நெறச்சுக் குடுத்தியா இல்லையா?" என்று உன்னைக் கேட்டேன். நீ தரையைப் பார்த்தாய். பதில் சொல்லியிருந்தால் நான் அடித்தாவது விட்டிருப்பேன்.

அந்த வெயிலில் புருஷனை வெறும் கேனோடு அனுப்பினவளுக்கு இப்போது அவன் தொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். கேட்கட்டும்.

வேலம்மாள்


ஜனக்புரி
2 மே 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஷ்ரேயா "அத்தை என்ன எழுதியிருக்காங்க, படிச்சுக் காட்டு" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நல்லதாகப் போயிற்று. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

கேனைப் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். இப்போது வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அதுவும் அதோடு சேர்ந்ததுதான்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் பிரியதர்ஷினி என்று ஒரு பெண். இங்கே லக்ஷ்மிபாய் நகர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். செடிப் படிப்பு பெரிய படிப்பாகப் படித்திருக்கிறாள். என் கடைசித் தங்கையைவிடச் சின்னவள். நான் மேடம் என்கிறேன், அவள் என்னை அக்கா என்கிறாள். வகுப்பில் எல்லோருக்கும் இந்தியில் சொல்லிவிட்டு, கடைசியில் என் பக்கத்தில் வந்து தமிழில் இன்னொரு தடவை சொல்வாள். கெட்டிக்காரி. தாகம் கூடுதலாக உள்ள செடிகளை ஓர் இடத்திலும் குறைந்த செடிகளை வேறோர் இடத்திலும் சேர்த்து நட்டால் பாதித் தண்ணீர் மிச்சம் என்றாள். மண்ணின் மேல் சருகு மூடாக்குப் போடச் சொல்கிறாள். புல்தரை கேட்டு வருகிற ஆளிடம் எப்படிப் பேசி மனசை மாற்றுவது என்பதைக்கூட எங்களை நிற்க வைத்து நடிக்கச் சொல்கிறாள். எல்லாம் எனக்குப் புரிகிறது.

ஒரு பாடம்தான் ஆகவில்லை. தாகம் பழக்குவது என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் செடியைப் பச்சை வலைக்குக் கீழே வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, கஸ்டமர் வருவதற்கு முன்னால் இலைமேல் தெளித்துப் பளபளக்க வைப்போம். உங்கள் தம்பி சொல்வார், "செடி சிரிச்சாத்தான் வாங்க வர்றவன் சிரிப்பான்." மேடம் அது தப்பு என்கிறாள். அப்படி வளர்ந்த செடி வாங்கினவன் வீட்டு மாடியில் ரெண்டே நாளில் பட்டுப்போய்விடும். விற்பதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நிழலைக் குறைக்க வேண்டும், தண்ணீரைத் தள்ளித் தள்ளி விட வேண்டும். இலை சின்னதாகும், தடிக்கும், பார்க்க அழகு குறையும், ஆனால் பிழைக்கும். உச்சிவெயிலில் தலை தொங்கினால் பயந்து ஓடக்கூடாதாம். "சாயங்காலம் நிமிர்ந்துச்சுன்னா அது நல்லாத்தான் இருக்குக்கா. காலையிலயும் தொங்கிட்டே இருந்தா மட்டும் தண்ணி குடுங்க," என்றாள்.

பக்கத்து நர்சரி ஷங்கர் பையாவும், இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள், வகுப்புக்கு வருகிறார். "கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம பொண்டாட்டிங்க நமக்குச் செய்யறதைத்தான் மேடம் செடிக்குச் செய்யச் சொல்றாங்க," என்று இந்தியில் சொன்னார். "அதனாலதான் பையா நீங்க இன்னும் வாடாம இருக்கீங்க," என்றாள் மேடம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். போன ஆனிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்திருப்பேன்.

இந்தப் பாடத்தில்தான் பரீட்சை. ஆளுக்குக் கொஞ்சம் தொட்டிகளைச் சொந்த நர்சரியிலேயே பழக்க வேண்டும். ஆனி மாதத்தில் அவற்றைப் பயிற்சி நிலையத்துத் திறந்த வெளியில் ஒரு வாரம் வெயிலில் வைப்பார்கள். பிழைத்தால் தேர்ச்சி.

நான் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன் மதினி. சாயங்காலம் பார்த்தால் மண் காய்ந்திருக்கும். சரி என்று படுப்பேன். காலையில் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் தொட்டிகள் நனைந்திருக்கும். மேடம் பார்க்க வந்தபோது விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். "நிஜமா சொல்லுங்கக்கா, தண்ணி விட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இதுக்கு மட்டும் தனியா மழை பெஞ்சுச்சா?" என்றாள். நான் என்ன சொல்வேன், என் வீட்டுக்காரர் வந்து ஊற்றிவிட்டுப் போகிறார் என்றா?

அம்சவேணி


அருப்புக்கோட்டை
13 மே 2025

அம்சவேணிக்கு,

தண்ணீர் விடாமல் இருப்பதற்கு ஒரு படிப்பா? எங்கள் ஊருக்கு வந்தால் தெருவில் போகிற ஆடு மாட்டுக்குக்கூடப் பட்டம் கொடுக்கலாம். சீமைக்கருவேலம் எந்த மேடத்திடம் படித்தது என்று கேட்டுச் சொல். கூடத்தில் ஆயா வேலை பார்க்கிற மாலாவிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அவன் சொன்னதை எழுதியிருக்கிறாயே, செடி சிரிச்சாத்தான் என்று, அதை அவன் குரலிலேயே கேட்டேன். இங்கே இருந்தபோது அவன் ஒரு செடி வளர்த்ததில்லை. அங்கே போய்த்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது. லீவுக்கு வந்தால்கூட என் வீட்டுத் துளசித் தொட்டியைத் தட்டுவான். சும்மா இருடா என்பேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், செய். அவனுக்கென்று ஒரு சொம்பு தனியாக வை. புதுச் சொம்பு வேண்டாம், அவன் வாய் வைத்துக் குடித்த சொம்பாக இருக்க வேண்டும். காலையில் நிரப்பி, குழாய்க்குப் பக்கத்தில் வெளியிலேயே வை. மூடாதே. அவன் குடிக்க வந்து, குடிக்க ஒன்றும் இல்லாமல், பழக்கத்தில் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறான். தனக்கென்று ஒன்று இருந்தால் செடியை விட்டுவிடுவான். உன் பரீட்சையும் தப்பிக்கும்.

உனக்காகச் சொல்லவில்லை. ஷ்ரேயா நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று சொல்கிறேன்.

கை வரும்போது எழுதுகிறேன் என்றாய். என் கை ஒரு வருஷமாகக் காத்திருக்கிறது.

வேலம்மாள்


ஜனக்புரி
24 மே 2025

மதினிக்கு,

நீங்கள் சொன்னபடி சொம்பு வைத்தேன். அவர் டீக்கடைக்குக்கூட எடுத்துப் போகிற அந்த நசுங்கிய பித்தளைச் சொம்புதான். வைத்த நாள் முதல் அது நிரப்பினபடியே இருக்கிறது. தொட்டிகள்தான் நனைகின்றன. மேடம் போன வாரம் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "அக்கா, இப்படியே போனா இந்தச் செடிங்க வெயில்ல முதல் நாளே போயிடும், நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று கை வந்திருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கேனை நான் நிரப்பித்தான் கொடுத்தேன். நிரப்பி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, ஈரத் துணி சுற்றி வண்டியில் கட்டினேன். அன்றைக்கு வெயில் காலையிலேயே ஆளை அடித்தது. நாளைக்குப் போங்கள் என்றேன். புது பிளாட்டில் கிரகப்பிரவேசம், இன்றைக்கே கொண்டுபோக வேண்டும், போன தடவை கொண்டுபோனது வாடியிருக்கிறது என்று பிளாட்டுக்கார அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள், இந்தத் தடவை பேர் கெடக்கூடாது என்றார். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்.

வண்டியை மத்தியானம் ஷங்கர் பையாதான் தள்ளிக்கொண்டு வந்தார். ஆளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். நான் ஓடுவதற்கு முன்னால் என் கண் வண்டியைப் பார்த்துவிட்டது. எல்லாத் தொட்டியிலும் மண் கறுப்பாக நனைந்திருந்தது. எலுமிச்சை விதை ஒன்று மண்ணின் மேல் கிடந்தது. கேனின் மூடி ஒரு செம்பருத்தித் தொட்டிக்குள் கிடந்தது.

வழியில் ஒரு கேட்டில் உட்கார்ந்திருந்த காவல்காரன் பின்னால் சொன்னான். வண்டியை நிறுத்திவிட்டு, இலையெல்லாம் தொங்குகிறது என்று அவனிடமே புலம்பிக்கொண்டு, கேனைத் திறந்து தொட்டி தொட்டியாக ஊற்றினாராம். "நீங்கள் குடிக்கவில்லையா?" என்று இவன் கேட்டானாம். "போய்ச் சேர்ந்ததும் குடிக்கிறேன்" என்றாராம். அடுத்த திருப்பத்தில் விழுந்துவிட்டார்.

நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அந்த நிமிஷத்திலேயே தெரிந்தது. செடிக்கு ஊற்றினவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் நினைப்பீர்கள். நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுக்காதவள் என்ற பேரை நான் சுமந்துவிடலாம், ஒரு தொட்டிச் செடியைவிட நாங்கள் குறைச்சலாகப் போனோம் என்று சொல்லிக்கொண்டு திரிய முடியாது என்று தோன்றிற்று. அதனால் தரையைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தொட்டிகளை நான் விற்கவில்லை. கடைசி வரிசையில் வைத்திருக்கிறேன். அவர் குடிக்க வேண்டிய தண்ணீர் அவற்றுக்குள்தான் இருக்கிறது. பரீட்சைக்கு எந்தச் செடியைக் கொண்டுவருகிறாய் என்று கேட்டபோது, வேறு எதையும் காட்டத் தோன்றாமல் அவற்றைக் காட்டிவிட்டேன். விடியற்காலையில் நனைகிறவை அவைதான். இப்போது சொல்லுங்கள், அவற்றை நான் எப்படிக் காயப்போடுவேன்?

அம்சவேணி


அருப்புக்கோட்டை
3 ஜூன் 2025

அம்சவேணி,

பள்ளிக்கூடம் நேற்றுத் திறந்தது. உலை கொதிக்கிறது, நான் படியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மாலாதான் வந்து அரிசியைப் போட்டாள்.

அந்தக் கேனை முகர்ந்து பார்த்திருந்தால் எலுமிச்சை வாசனை அடித்திருக்கும். தலைகீழாகப் பிடிக்கத் தெரிந்தது, முகரத் தெரியவில்லை.

உன் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். அது இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவன் மேல் வைக்கலாம் என்றால் அவன் இல்லை. அதனால் அந்தச் செடிகள் மேல் வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நீ படிக்கிறவள்தானே, பதில் சொல். ஒரு பகல் பொறுக்க முடியாத செடியை எதற்கு வளர்த்தீர்கள்? ஒரே ஒரு பகல். எங்கள் ஊரில் புல்லுகூட அதைவிடப் பொறுக்கும். அதுகள் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் குடித்திருப்பானே.

வேலம்மாள்


ஜனக்புரி
28 ஜூன் 2025

மதினிக்கு,

உடனே பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். நடந்ததை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. காலையில் டீ குடிக்கும்போது ஷ்ரேயாவிடம் மெதுவாகக் கேட்டேன், "விடியக்காலைல தொட்டி தட்டற சத்தம் உனக்குக் கேக்குதா?" என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மம்மி, டெய்லி நீதானே தட்டுறே."

"நானா?"

"நீதான். எழுந்து போறே, குர்பி எடுக்கறே, தட்டறே, தண்ணி ஊத்தறே, வந்து படுத்துக்கறே. கண்ணு திறந்துதான் இருக்கும். நீ தெரிஞ்சு செய்றேன்னு நினைச்சேன். எக்ஸாம்ல நீ பாஸ் ஆக வேணாம்னு நினைக்கறேன்னு நினைச்சேன்."

"எனக்குத் தட்டிப் பார்க்கத் தெரியாதேடி."

"அப்பா மாதிரியேதான் தட்டறே," என்றாள். அப்புறம் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளாக அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது பிள்ளை.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. ஒரு பகல் பொறுக்க முடியாத செடியை எதற்கு வளர்த்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே கொண்டுபோய் மேடத்திடம் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்றும் சொன்னேன், கேன், மூடி, எல்லாவற்றையும். அவள் பக்கத்தில் இருந்த ஒரு தொட்டியின் மண்ணை விரலால் கிளறினாள். பிறகு சொன்னாள், "பொறுக்கும்க்கா. அந்தச் செடியும் பொறுத்திருக்கும். பழக்கியிருந்தா வண்டியில தலையே தொங்கியிருக்காது. பழக்காம இருந்தாலும், மத்தியானம் தொங்கினது பாதி சாயங்காலம் தானா நிமிர்ந்திருக்கும். அண்ணனுக்கு அதை யாரும் சொல்லல."

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி வரிசை முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக அவருக்காக என்று எந்தப் பதற்றத்தோடு இந்தத் தொட்டிகளை நனைத்துக்கொண்டிருந்தேனோ, அதுவே அவரைக் கொன்றது. செடியைச் செல்லமாக வளர்த்து, அது வாடினால் பதறுகிற பதற்றம். இனிமேல் இந்த நர்சரியிலிருந்து ஒரு செடி வண்டி ஏறினால், அதைத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் எவனாக இருந்தாலும், தன் தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இது படிப்பு. இது புரிய எனக்கு உங்கள் கோபம் வேண்டியிருந்தது.

தண்ணீரை நிறுத்தினேன். ஷ்ரேயா என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள், நான் எழுந்தால் தடுப்பதாகச் சொன்னாள். விடியற்காலையில் எழுந்திருக்கிறேன். அவள் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்திருக்கிறாள். நான் தொட்டிகளைத் தட்டினேனாம், ஒவ்வொன்றாக. குழாய்க்குப் போனேனாம். சொம்பில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து, கீழே வைத்துவிட்டு, தொட்டிகள் பக்கம் திரும்பாமல் வந்து படுத்துக்கொண்டேனாம். அதற்கு அப்புறம் தொட்டிகள் நனையவில்லை.

செடிகள் உச்சிவெயிலில் தலையைத் தொங்கப்போட்டபோது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நிமிர்ந்திருந்தன. முதல் நாள் அதை நம்ப முடியாமல் கையால் தொட்டுப் பார்த்தேன். போகப்போக இலை சின்னதாயிற்று, தடித்தது. பயிற்சி நிலையத்து வெட்டவெளியில் ஒரு வாரம் வைத்தார்கள். காற்றா நெருப்பா என்று தெரியாத வாரம். ஷங்கர் பையாவின் செடிகள் நான்காம் நாளே முகத்தை மாற்றிவிட்டன, அவர் மறுபடி எழுத வேண்டும். எனக்கு ஒரு செம்பருத்தி மட்டும் போயிற்று. கேன் மூடி கிடந்த தொட்டி. மற்றவை நின்றன. மேடம் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். "போனதுக்கு மார்க் குறைக்கலையா?" என்று கேட்டேன். "அது வேற கணக்குக்கா," என்றாள்.

இடம் என் பெயருக்கு மாறும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். விற்கிற செடி எதையும் பழக்காமல் வண்டி ஏற்றமாட்டேன் என்று வெளியே போர்டு எழுதி வைத்திருக்கிறேன். ஷ்ரேயா அதை இந்தியில் எழுதினாள்.

சொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடுகிறது. மைனா குடிக்கும் என்கிறாள் ஷ்ரேயா. இந்த வெயிலே குடித்துவிடும் என்கிறாள் மேடம். இருக்கலாம். நேற்று நன்றாக விழித்திருக்கும்போதே குர்பியை எடுத்து ஒரு தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது என்று கேட்டது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் சரி. எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை மதினி.

இந்த ஆனியில் அவருடைய முதல் வருஷத் திதி வருகிறது. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கூப்பிடுகிறேன்.

அம்சவேணி


அருப்புக்கோட்டை
5 ஜூலை 2025

அம்சவேணிக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். மாலாவின் மகன் ப்ரசன்னா போனிலேயே எடுத்துக் கொடுத்தான். மதுரையிலிருந்து ரயில். ஜூலை பன்னிரண்டாம் தேதி நிஜாமுதீனில் இறங்குவேன். கூடத்தில் லீவு சொல்லியாகிவிட்டது.

அந்த ஸ்டேஷனில் கூட்டத்தில் எனக்கு ஆள் அடையாளம் தெரியாது, கண்ணும் முன்னைப் போல இல்லை. ஷ்ரேயாவை அனுப்பிவிட்டு நீ வீட்டில் இருந்துவிடாதே. நீ வா. பிளாட்பாரத்தில் நின்று மதினி என்று சத்தமாகக் கூப்பிடு. எனக்குக் கேட்கும்.

போனது அந்த மூடி கிடந்த செடிதான் என்று எழுதியிருந்தாய். தொட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் சரி. போடாமல் வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், இங்கிருந்து எங்கள் ஊர் ஆவாரம் விதை கொண்டுவருகிறேன். அதற்கு எந்த மேடமும் வேண்டாம்.

இன்னொன்று. திதி அன்றைக்குக் காலையில் நீ எழுந்து நடந்தால், நடக்கட்டும், தடுக்க வேண்டாம் என்று ஷ்ரேயாவிடம் சொல். தட்டினாலும் தட்டு. நானும் முழித்திருந்து கேட்பேன். ஆனால் குழாய்க்குப் போக விடாமல் உன் கையைப் பிடித்துக்கொள்வேன், பயப்படாதே.

அன்றைக்கு அந்தச் சொம்பில் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வேலம்மாள்